கார்சியா: ஒரு ஸ்பானியக் குடும்பப்பெயரின் பொருளும் ஆங்கில வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

ஸ்பெயின் நாட்டில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர் கார்சியா. இடைக்கால நவார்ரா அரசர்களின் இயற்பெயராக இருந்த இச்சொல் பின்னர்க் குடும்பப்பெயராக மாறி, ஸ்பானியக் குடியேற்றத்தின் வழியே அமெரிக்கக் கண்டங்களுக்கும் பிலிப்பைன்சுக்கும் பரவியது. 1899இல் அது ஆங்கிலத்தில் ஒரு மரபுத்தொடரின் உறுப்பாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐக்கிய அமெரிக்காவின் கணக்கெடுப்பிலும் நீதிமன்றத்திலும் ஒரு மக்கட்பிரிவை இனங்காணும் அடையாளமாகவும் இவ்வகைப் பெயர்கள் பயன்பட்டன. இப்பெயரின் சொற்பிறப்பு, ஸ்பானியப் பெயரிடுமுறையில் அதன் இடம், ஆங்கில வழக்கில் அது அடைந்த மாற்றங்கள் ஆகியவற்றை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. கியூபத் தளபதி கலிஸ்தோ கார்சியாவின் பெயர் ஆங்கில மரபுத்தொடராகிய நிகழ்வு இதன் மையச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கார்சியா, குடும்பப்பெயர், பெயராய்வு, பாஸ்கு மொழி, கலிஸ்தோ கார்சியா, மரபுத்தொடர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

முன்னுரை

ஒரு சமூகத்தின் பெயரிடும் முறை அச்சமூகத்தின் உறவுமுறை, சொத்துரிமை, சமயம், ஆட்சி ஆகியவற்றோடு பிணைந்தது. ஒரு பெயர் வேறொரு மொழிக்குள் செல்லும்போது அதன் ஒலியும் எழுத்தும் ஓரளவு கடந்து செல்கின்றன. அப்பெயருக்குப் பின்னால் இருந்த உறவுமுறையும் வரலாறும் அவ்வாறு எளிதில் கடப்பதில்லை. பெயராய்வில் சொற்பிறப்புக்குத் தரப்படும் இடம் பெரிது. பெயர்கள் பிற மொழிகளில் பெறும் வாழ்வு அந்த அளவுக்கு ஆராயப்படுவதில்லை. ஒரு பெயரின் பொருள் அது தோன்றிய மொழியில் மட்டும் அமைவதில்லை. அதனைப் பின்னர் வழங்கியவர்கள் எந்த நோக்கத்திற்காக வழங்கினார்கள் என்பதிலும் அமைகிறது. கார்சியா என்னும் பெயர் இதற்குத் தெளிவான சான்றாகும்.

இக்கட்டுரையில் ‘இயற்பெயர்’ என்னும் சொல் ஒருவருக்குத் தனியாக இடப்படும் பெயரையும், ‘குடும்பப்பெயர்’ என்னும் சொல் தலைமுறைதோறும் மரபுரிமையாக வரும் பெயரையும் குறிக்கும். தந்தையின் பெயரிலிருந்து ஆக்கப்படும் பெயர் ‘தந்தைவழிப்பெயர்’ எனப்படுகிறது.

பெயரின் பொருள்

ஸ்பானியக் குடும்பப்பெயர்களுள் பல இலத்தீன் மொழியிலிருந்தோ, ஐபீரியத் தீபகற்பத்தை ஆண்ட விசிகோத்தியரின் செருமானிய மொழியிலிருந்தோ வந்தவை. கார்சியா இவ்விரு வகையிலும் அடங்குவதில்லை. இப்பெயர் தொடக்கத்தில் செறிந்து காணப்படும் நிலப்பகுதி பிரனீசு மலைத்தொடரின் மேற்குச் சரிவாகும். அப்பகுதியில் இன்றும் வழங்கும் பாஸ்கு மொழி இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தைச் சாராத தனித்த மொழி. ஆகவே இப்பெயரின் வேரைப் பாஸ்கு மொழியில் தேடுவது பொருத்தமாகக் கருதப்பட்டு வருகிறது.

இதுபற்றி இரண்டு விளக்கங்கள் பெரிதும் எடுத்துரைக்கப்படுகின்றன. முதலாவது, பாஸ்கு மொழியில் கரடியைக் குறிக்கும் ‘ஹார்ட்ஸ்’ என்னும் சொல்லோடு இப்பெயரை இணைப்பது. உரோமர் காலத்து அக்குவித்தானியக் கல்வெட்டுகளில் காணப்படும் சில ஆட்பெயர்களும் இக்கரடிச் சொல்லோடு ஒப்பிடப்படுகின்றன. விலங்குப் பெயரை ஆட்பெயராகக் கொள்வது பண்டைய ஐரோப்பாவில் பரவலான வழக்கம் என்பதும் இதற்குத் துணைநிற்கிறது. எனினும், ‘ஹார்ட்ஸ்’ என்பதன் முதலில் ககர ஒலி தோன்றியது எவ்வாறு என்னும் வினாவை இவ்விளக்கம் எதிர்கொள்ள வேண்டியுள்ளது. இரண்டாவது விளக்கம், ‘இளைஞன்’ என்னும் பொருள்தரும் ‘கஸ்தே’ என்னும் பாஸ்குச் சொல்லிலிருந்து இப்பெயரைப் பெறுகிறது. இதில் முதலெழுத்துச் சிக்கல் இல்லை. ஆனால் இடையில் ரகர ஒலி தோன்றியதற்குக் காரணம் காட்ட வேண்டும்.

இவ்விரண்டுள் எது ஏற்கத்தக்கது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் ஒன்று உறுதி. ஸ்பானியர் என்ற அடையாளத்தை உலகெங்கும் பறைசாற்றும் இப்பெயர், ஸ்பானிய மொழியின் முன்னோனாகிய இலத்தீனிலிருந்து வந்ததாக இவ்விளக்கங்கள் கருதவில்லை. ஆட்சிமொழியின் நிழலில் வாழ்ந்த ஒரு சிறுபான்மை மொழியின் சொல்லே அப்பெயர் என்பதே அவற்றின் பொதுமுடிவு.

இயற்பெயர் குடும்பப்பெயரானமை

9ஆம் நூற்றாண்டு முதல் பாம்பிலோனா அரசை ஆண்டவர் பலர் கார்சியா என்னும் இயற்பெயர் கொண்டிருந்தனர். இவ்வரசே பின்னர் நவார்ரா எனப் பெயர் பெற்றது. முதலாம் கார்சியா சாஞ்செஸ் 10ஆம் நூற்றாண்டிலும், 1054இல் அத்தாபுவேர்க்கா போரில் மாண்ட மற்றொரு கார்சியா சாஞ்செஸ் 11ஆம் நூற்றாண்டிலும் ஆண்டனர். அரச குடும்பங்களுக்கிடையே நிகழ்ந்த மணவுறவுகளின் வழியே இப்பெயர் லியோன், கலீசியா, காஸ்தில் ஆகிய பகுதிகளுக்கும் பரவியது.

இடைக்கால ஐபீரியாவில் தந்தைவழிப்பெயரை ஆக்க ‘-எஸ்’ என்னும் ஈறு சேர்க்கப்பட்டது. சாஞ்சோவின் மகன் சாஞ்செஸ். மார்த்தினின் மகன் மார்த்தினெஸ். ரோத்ரிகோவின் மகன் ரோத்ரிகெஸ். தமிழில் ‘சாத்தன் மகன் கொற்றன்’ எனத் தனிச்சொல்லால் உணர்த்தப்படும் உறவு அங்கு ஈற்றால் உணர்த்தப்பட்டது. இம்முறைப்படி கார்சியாவின் மகன் ‘கார்செஸ்’ ஆனான். இப்பெயர் இன்றும் உள்ளது. ஆனால் பெருவழக்குப் பெற்றது ஈறு சேராத ‘கார்சியா’ என்னும் வடிவமே. தந்தையின் பெயர் மாற்றமின்றி மகனின் பெயருக்குப் பின் நின்று, காலப்போக்கில் குடும்பப்பெயராக உறைந்தது.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. 16ஆம் நூற்றாண்டிலும் கார்சியா இயற்பெயராக வழங்கியதற்குச் சான்று இந்தியாவிலேயே உள்ளது. கோவாவில் வாழ்ந்து, இந்திய மூலிகைகளைப் பற்றிய உரையாடல் நூலை 1563இல் அங்கேயே அச்சிட்ட போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் பெயரில் கார்சியா என்பது இயற்பெயராகும். அதே நூற்றாண்டில் பெயர்கள் நெகிழ்ச்சியுடன் இருந்ததற்கு இன்கா கார்சிலாசோ த லா வேகாவின் வாழ்வு சான்றாகும். 1539இல் குஸ்கோவில் இன்கா அரசகுலத் தாய்க்கும் ஸ்பானியத் தந்தைக்கும் பிறந்த அவருக்கு முதலில் இடப்பட்ட பெயர் கோமெஸ் சுவாரெஸ் த ஃபிகெரோவா. ஸ்பெயினுக்குச் சென்றபின் அவர் தம் தந்தையின் பெயரை ஏற்றுக்கொண்டார். ‘கார்சிலாசோ’ என்பதில் ‘கார்சி’ என நிற்பதும் கார்சியாவின் குறுக்கமே.

திருமுழுக்குப் பதிவேடுகள் திரெந்து பொதுச்சங்கத்திற்குப் பின் கட்டாயமாயின. பெயர்கள் நிலைபெற இது வழிவகுத்தது. தந்தையின் குடும்பப்பெயரை முதலிலும் தாயின் குடும்பப்பெயரை அடுத்தும் எழுதும் இரட்டைமுறை காஸ்தில் உயர்குடியினரிடம் தோன்றிப் பிறரிடமும் பரவியது. 19ஆம் நூற்றாண்டின் குடிமைப் பதிவுச் சட்டங்களில் அது விதியாயிற்று. மணமான பெண் தன் பெயரை இழப்பதில்லை. அவளுடைய குடும்பப்பெயர் பிள்ளைகளின் பெயரில் பெரும்பாலும் இரண்டாவதாக நின்று ஒரு தலைமுறைக்குத் தொடர்கிறது. இன்று ஸ்பெயினில் கார்சியாவை முதற் குடும்பப்பெயராகக் கொண்டோர் 14 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ மூவர்.

கார்சியா இஞ்ஞிகெஸ்: ஒரு பெயர், ஈர் இலக்கணம்

மேற்கூறிய மாற்றத்தை ஒரே பெயரில் காண இயலும். 9ஆம் நூற்றாண்டில் பாம்பிலோனாவை ஆண்ட அரசர் கார்சியா இஞ்ஞிகெஸ். 19ஆம் நூற்றாண்டில் கியூப விடுதலைப் போரை நடத்திய தளபதி கலிஸ்தோ கார்சியா இஞ்ஞிகெஸ். ஆயிரம் ஆண்டுகள் இடைவெளியில் இரு பெயர்களிலும் அதே இரு சொற்கள் அதே வரிசையில் நிற்கின்றன. அவற்றின் இலக்கணம் மட்டும் முற்றிலும் வேறு.

அரசரின் பெயரில் கார்சியா என்பது இயற்பெயர். இஞ்ஞிகெஸ் என்பது ‘இஞ்ஞிகோவின் மகன்’ எனப் பொருள்படும் தந்தைவழிப்பெயர். அவருடைய தந்தை இஞ்ஞிகோ அரிஸ்தா. தளபதியின் பெயரில் கலிஸ்தோ என்பது இயற்பெயர். கார்சியா தந்தையின் குடும்பப்பெயர். இஞ்ஞிகெஸ் தாயின் குடும்பப்பெயர். அரசரின் பெயரில் தந்தையைச் சுட்டிய சொல் தளபதியின் பெயரில் தாயைச் சுட்டுகிறது.

தளபதியின் தாய் லூசியா இஞ்ஞிகெஸ் கியூப வரலாற்றில் தனியிடம் பெற்றவர். 1874இல் ஸ்பானியப் படையால் சூழப்பட்ட கலிஸ்தோ கார்சியா, பிடிபடுவதைவிட இறப்பது மேல் எனக் கருதித் தாடையின்கீழ்த் துப்பாக்கியை வைத்துச் சுட்டுக்கொண்டார். குண்டு நெற்றி வழியே வெளியேறியது, அவர் உயிர்பிழைத்தார். மகன் பிடிபட்டான் என்று கேட்ட தாய், அவன் தன் மகனாக இருக்க முடியாது என மறுத்ததாகவும், பிடிபடுமுன் தன்னைச் சுட்டுக்கொண்டான் என்று அறிந்தபின் அவனே தன் மகன் என ஏற்றதாகவும் கியூபாவில் வழங்கும் செய்தி, புறநானூற்று மூதின் மகளிரைத் தமிழ் வாசகருக்கு நினைவூட்டும். தாயின் இப்பெயரே ஆங்கில வழக்கில் முதலில் உதிர்ந்தது.

ஆங்கில எழுத்தில் கார்சியா

ஸ்பானிய எழுத்துமுறையில் இப்பெயரின் இகர உயிரின் மேல் ஒரு சாய்கோடு இடப்படும். அக்கோடு அழகுக்காக அமைந்ததன்று. இகரமும் அகரமும் இணைந்து ஓரசையாகாமல் தனித்தனியே ஒலிக்க வேண்டும் என்பதையும், அழுத்தம் இகரத்தின் மேல் விழ வேண்டும் என்பதையும் அது உணர்த்துகிறது. அக்கோடு இல்லையெனில், ஸ்பானிய விதிப்படி அச்சொல் ஈரசையாகி அழுத்தமும் முதலசைக்கு மாறிவிடும். ஆங்கிலம் இக்கோட்டை விட்டுவிட்டது. ஆனால் அழுத்தத்தை இடம் மாற்றாமல் இரண்டாம் அசையிலேயே வைத்துக்கொண்டது. குறி போயினும் ஒலி ஓரளவு தங்கியது எனலாம். ஸ்பெயினின் பெரும்பகுதியில் இப்பெயரின் நடு மெய் நாநுனி பற்களிடையே பொருந்தப் பிறக்கும் உரசொலி. தென்பகுதியிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் அது சகர ஒலி. ஆங்கிலம் பின்னதையே ஏற்றது.

எழுத்துக்குறியின் இழப்பு ஆட்சி நடைமுறையாகவும் மாறியது. கலிபோர்னியாவில் 1986இல் பொதுவாக்கெடுப்பின் வழி ஆங்கிலம் ஆட்சிமொழியாக்கப்பட்டபின், பிறப்புச் சான்றிதழ்களில் இத்தகைய குறிகளுக்கு இடமளிக்காத நடைமுறை நிலவியது. குழந்தைக்குப் பெற்றோர் இட்ட பெயரும் ஆவணத்தில் பதிந்த பெயரும் வேறாயின.

இரட்டைக் குடும்பப்பெயரின் இழப்பு இதனினும் ஆழமானது. ஆங்கில ஆவணங்கள் இறுதிச்சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்கின்றன. இம்முறையைப் பின்பற்றினால் ஸ்பானியப் பெயரில் இறுதியாக நிற்கும் தாயின் பெயர் குடும்பப்பெயராகிறது. அதனைத் தவிர்க்கத் தாயின் பெயரையே விட்டுவிடுவது மற்றொரு வழி. அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட பிலிப்பைன்சில் மூன்றாவது வழி தோன்றியது. அங்குத் தாயின் குடும்பப்பெயர் நடுப்பெயராக முன்னகர்ந்தது. 1957 முதல் 1961 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த கார்லோஸ் பொலெஸ்திகோ கார்சியாவின் பெயரில் பொலெஸ்திகோ என்பது தாயின் பெயர். கலிஸ்தோ கார்சியா இஞ்ஞிகெஸ் பெயரில் இறுதியில் நிற்கும் தாய், கார்லோஸ் பொலெஸ்திகோ கார்சியா பெயரில் நடுவில் நிற்கிறார்; ஆங்கிலச் சுருக்க வழக்கில் அவரும் ஒற்றை முதலெழுத்தாகிவிடுகிறார்.

மரபுத்தொடரான கார்சியா

ஆங்கிலத்தில் ‘கார்சியாவுக்குச் செய்தி கொண்டுசெல்லுதல்’ என்றொரு தொடர் உண்டு. இட்ட பணியை எதிர்வினா எழுப்பாமல் தானே முயன்று முடித்தல் என்பது அதன் பொருள். இத்தொடர் எல்பர்ட் ஹப்பார்டு எழுதிய சிறு கட்டுரையிலிருந்து பிறந்தது. ‘பிலிஸ்டைன்’ என்னும் தம் இதழின் 1899 மார்ச் வெளியீட்டில் அதனை அவர் தலைப்பின்றி வெளியிட்டார். நியூயார்க் சென்ட்ரல் இரயில் நிறுவனம் அதனைத் தனிநூலாக அச்சிட்டுப் பரப்பியது. பல மொழிகளில் அது பெயர்க்கப்பட்டது. 4 கோடிப் படிகள் அச்சானதாக ஹப்பார்டே பின்னர் உரைத்தார். 1916இலும் 1936இலும் அதன் தலைப்பில் திரைப்படங்கள் வந்தன.

கட்டுரையின் கதை எளியது. ஸ்பெயினோடு போர் மூண்டபோது, கியூப மலைகளில் எங்கோ இருந்த கார்சியாவோடு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தொடர்புகொள்ள வேண்டியிருந்தது. ரோவன் என்னும் அதிகாரியிடம் கடிதம் தரப்பட்டது. கார்சியா எங்கே இருக்கிறார் என்றுகூட அவர் கேட்கவில்லை. பகை நிலத்தைக் கால்நடையாகக் கடந்து, மூன்று வாரங்களில் கடிதத்தைச் சேர்ப்பித்து மீண்டார். இதை எடுத்துக்காட்டி, சொன்னதைச் செய்யாத ஊழியர்களை ஹப்பார்டு கடிந்துரைக்கிறார்.

நடந்தது வேறு. ஆண்ட்ரூ ரோவனை அனுப்பியவர் படைத்துறையின் உளவுப்பிரிவுத் தலைவர் ஆர்தர் வாக்னர். குடியரசுத் தலைவரின் கடிதம் எதனையும் ரோவன் கொண்டுசெல்லவில்லை. கியூபப் படையின் நிலையை அறிந்துவருவதே அவர் பணி. ஜமைக்காவிலிருந்த கியூப விடுதலை இயக்கத்தார் அவருக்குப் படகும் வழிகாட்டிகளும் அமைத்துத் தந்தனர். அவர்களுடைய துணையோடு சியர்ரா மாயெஸ்த்ரா மலையைக் கடந்து, கரையிறங்கிய ஒரு வாரத்திற்குள், 1898 மே 1 அன்று அவர் பயாமோ நகரை அடைந்தார். கார்சியா அப்போது காட்டில் ஒளிந்திருக்கவில்லை. முந்தைய ஆண்டு லாஸ் துனாஸ் நகரைக் கைப்பற்றிய அவர், ஸ்பானியர் விட்டகன்ற பயாமோவில் தம் தலைமையிடத்தை அமைத்திருந்தார். அவர் எங்கே இருக்கிறார் என ரோவன் கேட்க வேண்டிய தேவையே இல்லை. அதனை அறிந்தவர்களே அவரை அழைத்துச் சென்றனர். மேலும், கார்சியா தம் அதிகாரிகளை ரோவனோடு வாஷிங்டனுக்கு அனுப்பிவைத்தார். செய்தி இருபுறமும் சென்றது. மரபுத்தொடரோ ஒரு திசையை மட்டுமே அறியும்.

தொடர்ந்து நிகழ்ந்தவை இவ்வொருதிசைத் தன்மையை மேலும் விளக்குகின்றன. 1898 ஜூனில் அசெர்ராதெரோ என்னுமிடத்தில் அமெரிக்கத் தளபதி ஷாஃப்டரும் கடற்படைத் தலைவர் சாம்சனும் கார்சியாவைக் கண்டு போர்த்திட்டம் வகுத்தனர். அமெரிக்கப் படை கரையிறங்கக் கியூபப் படை துணைநின்றது. ஜூலை 17 அன்று சாந்தியாகோ நகரம் சரணடைந்தபோது அந்நிகழ்வுக்குக் கார்சியா அழைக்கப்படவில்லை. அவருடைய வீரர்கள் நகருக்குள் நுழையவும் தடைவிதிக்கப்பட்டது. அவர்கள் பழிவாங்குவார்கள் என்பது கூறப்பட்ட காரணம். ஸ்பானிய அதிகாரிகள் தத்தம் பதவிகளில் தொடர்ந்தனர். இதனைக் கண்டித்துக் கார்சியா ஷாஃப்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் படை வறியதும் கந்தலுடுத்ததும் ஆயினும், அமெரிக்க விடுதலைப் போரின் வீரர்களைப் போலவே தம் இலட்சியத்தை இழிசெயலால் மாசுபடுத்தாது என்பது அதன் சாரம். உடன் அவர் பதவியிலிருந்தும் விலகினார்.

கார்சியா உண்மையில் எழுதியனுப்பிய செய்தி இக்கடிதம். ஆங்கில உலகம் கோடிக்கணக்கில் படித்ததோ அவருக்கு எழுதப்பட்டதாகக் கற்பிக்கப்பட்ட செய்தியை. கியூபப் பேரவையின் தூதுக்குழுத் தலைவராக வாஷிங்டன் சென்ற அவர், 1898 டிசம்பர் 11 அன்று அங்கே நோயால் இறந்தார். அதற்கு முந்தைய நாள் பாரீசில் ஸ்பெயினும் அமெரிக்காவும் கியூபாவின் எதிர்காலத்தைக் குறித்து உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தன. அங்குக் கியூபர் எவருக்கும் இருக்கை இல்லை. 1899 பிப்ரவரியில் அவர் உடல் ஹவானாவில் அடக்கம் செய்யப்பட்டது. அமெரிக்கப் படைக்கு ஊர்வலத்தில் தரப்பட்ட இடத்தை எதிர்த்துக் கியூபப் பேரவையினரும் வீரர்களும் விலகிச் சென்றனர். அதே மாதத்தில் ஹப்பார்டு தம் கட்டுரையை எழுதினார். அதன் நாயகர் ரோவன்; கார்சியா என்பது கடிதம் சேர வேண்டிய முகவரி மட்டுமே.

இக்கட்டுரை பின்னர் ஸ்பானிய மொழியிலும் பெயர்க்கப்பட்டது. ஆங்கிலம் நீக்கிய சாய்கோடு மீண்டும் எழுத்தின்மேல் ஏறியது. தளபதியின் வரலாறு ஏறவில்லை. கியூபாவின் 50 பெசோ பணத்தாளில் உருவம் பொறிக்கப்பட்ட ஒருவர், தம் மொழியிலேயே வேறொருவரின் கடமையுணர்வுக்கு எடுத்துக்காட்டாகும் பெயராகத் திரும்பிவந்தார்.

நீதிமன்றத்தில் சான்றான பெயர்

20ஆம் நூற்றாண்டில் இப்பெயர் ஆங்கிலத்தில் மற்றொரு பணியை ஏற்றது. 1930ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பு ‘மெக்சிகர்’ என்பதை ஓர் இனமாகப் பட்டியலிட்டது. எதிர்ப்புக்குப்பின் அப்பிரிவு நீக்கப்பட்டது. 1950இல் அரிசோனா, கலிபோர்னியா, கொலராடோ, நியூ மெக்சிகோ, டெக்சஸ் ஆகிய ஐந்து மாநிலங்களில் ‘ஸ்பானியக் குடும்பப்பெயர் கொண்ட வெள்ளையர்’ என்னும் பிரிவு கையாளப்பட்டது. கணக்கெடுப்போர் மக்களிடம் இதற்கென வினா எதனையும் எழுப்பவில்லை; எழுதப்பட்ட பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டு வகைப்படுத்தினர். இம்முறையில் கார்சியா என்பவரை மணந்து அப்பெயர் ஏற்ற ஆங்கிலப் பெண் ஸ்பானியராவார். ஸ்மித்தை மணந்த கார்சியா குடும்பப் பெண் கணக்கிலிருந்து மறைவார்.

குறைபாடுடைய இக்கணக்கே ஒரு வழக்கில் நீதிக்குத் துணையாயிற்று. டெக்சசின் ஜாக்சன் மாவட்டத்தில் பீட் ஹெர்னாண்டஸ் என்னும் பண்ணைத் தொழிலாளி கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். அம்மாவட்டத்தில் 25 ஆண்டுகளாக மெக்சிக அல்லது இலத்தீன் அமெரிக்கப் பெயர் கொண்ட ஒருவர்கூட நடுவர் குழுவில் அமரவில்லை. அத்தகைய குடும்பப்பெயர் கொண்டோர் மாவட்ட மக்கள்தொகையில் 14 விழுக்காட்டினர் என்பதைக் கணக்கெடுப்புக் காட்டியது. மெக்சிக வழியினரும் சட்டப்படி வெள்ளையரே. ஆகவே வெள்ளையர் குழு தீர்ப்பளித்ததில் பாகுபாடு இல்லை என மாநிலம் வாதிட்டது. ஆனால் நீதிமன்றக் கட்டடத்திலேயே ஆடவர்க்கான இரண்டு கழிப்பறைகளுள் ஒன்றில் கருப்பினத்தவருக்குரியது என்ற அறிவிப்போடு ஸ்பானிய மொழியிலும் ஓர் அறிவிப்பு எழுதப்பட்டிருந்தது.

உச்சநீதிமன்றத்தில் வாதாடிய வழக்குரைஞர்களுள் ஒருவர் குஸ்தாவோ கார்சியா. 1948இல் மருத்துவர் எக்தோர் கார்சியா நிறுவிய அமெரிக்கப் படைவீரர் மன்றம் இவ்வழக்கிற்கு ஆதரவளித்தது. 1954 மே 3 அன்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் ஒருமனதான தீர்ப்பை வழங்கினார். நிறத்தால் ஓர் இனத்தை இனங்காண்பது போலவே, ஸ்பானியப் பெயர்களால் இப்பிரிவினரை எளிதில் இனங்காண முடிகிறது என அத்தீர்ப்பு குறிப்பிட்டது. ஒதுக்குவதற்குப் பயன்பட்ட பெயர் அந்த ஒதுக்குதலை மெய்ப்பிக்கும் சான்றாகவும் ஆயிற்று. 1899இன் கார்சியா செய்தி பெறுபவர். 1954இன் கார்சியா ஆங்கிலத்தில் வாதிடுபவர். இவ்வேறுபாடு கருதத்தக்கது.

பெரும்பான்மை வழக்கான பெயர்

2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஐக்கிய அமெரிக்காவில் மிகுதியாக வழங்கும் குடும்பப்பெயர்களின் வரிசையில் கார்சியா 8ஆம் இடம் பெற்றது. அப்பெயர் கொண்டோர் 8,58,289 பேர். ரோத்ரிகெஸ் 9ஆம் இடத்தில் நின்றது. 2010இல் கார்சியா 6ஆம் இடத்திற்கு உயர்ந்தது, எண்ணிக்கை 11,66,120. ஸ்மித், ஜான்சன், வில்லியம்ஸ், பிரௌன், ஜோன்ஸ் ஆகிய ஐந்தை அடுத்து நிற்கும் பெயரை ஆங்கில வழக்குக்கு அயலானது எனக் கூறுதல் அரிது. சாய்கோடின்றி எழுதப்படும் இவ்வடிவம் இன்று ஓர் அமெரிக்கக் குடும்பப்பெயர். அதனைத் தாங்குவோருள் ஸ்பானிய மொழி அறியாதவரும் உளர்.

தமிழ் வழக்கு

ஸ்பானியப் பெயர்கள் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வந்தன. கார்சியா என்னும் தமிழ் வடிவத்தின் முதல் நெடில் ஆங்கில ஒலிப்பின் தடம். ஸ்பானிய ஒலிப்புக்குக் ‘கர்சீயா’ என்பது நெருக்கமானது. இஞ்ஞிகெஸ் என்பதிலுள்ள மூக்கொலிக்கு ஆங்கிலத்தில் தனியெழுத்து இல்லை; தமிழில் ஞகரம் உண்டு. ஆங்கில எழுத்தைப் பின்பற்றி ‘இனிகெஸ்’ என எழுதினால், தமிழ் தன்னிடம் உள்ள எழுத்தையே பயன்படுத்தாமற் போகிறது.

கொலம்பிய நாவலாசிரியர் காப்ரியேல் கார்சியா மார்க்வெசைத் தமிழ்த் திறனாய்வு ‘மார்க்வெஸ்’ என்றே பெரும்பாலும் சுட்டுகிறது. மார்க்வெஸ் என்பது அவருடைய தாயின் குடும்பப்பெயர். ஸ்பானிய நூலகப் பட்டியல்களில் அவர் ‘கார்சியா மார்க்வெஸ்’ எனக் ககரத்தில் இடம்பெறுகிறார். கவிஞர் லோர்காவின் நிலை வேறு. கார்சியா மிகப் பொதுவான பெயராதலால், ஸ்பெயினிலேயே அவர் தாயின் பெயரால் அறியப்படுகிறார். ஒன்று ஆங்கில வழக்கின் தாக்கம். மற்றொன்று ஸ்பானியர் தாமே கைக்கொண்ட வழக்கு. ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலை அமைப்போர் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணுதல் வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே கொண்ட தமிழ்ப்பெயர்கள் அயல்நாட்டு ஆவணங்களில் தலைகீழாவதை அறிந்த தமிழாய்வாளர்க்கு இத்தேவையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முடிவுரை

கார்சியா என்னும் பெயர் பாஸ்கு நிலத்தின் இயற்பெயராகத் தோன்றி, நவார்ரா அரசர் பெயராகவும் ஸ்பானியக் குடும்பப்பெயராகவும் வளர்ந்தது. ஆங்கிலத்தில் அது மூன்று நிலைகளைக் கண்டது. முதல்நிலையில் எழுத்துக்குறியையும் தாயின் பெயரையும் இழந்தது. இரண்டாம் நிலையில், தன்னைத் தாங்கியவரின் செயலையும் சொல்லையும் விட்டு, ஒரு மரபுத்தொடரின் முகவரியாக நின்றது. மூன்றாம் நிலையில் இவ்வகைப் பெயர்கள் மக்களைப் பிரித்துக் காட்டும் குறியாயின. அக்குறியையே சான்றாக்கி அப்பெயருடையோர் நடுவர் இருக்கைக்கான உரிமையைப் பெற்றனர்.

கரடி, இளைஞன் என்னும் இரண்டனுள் இப்பெயரின் மூலப்பொருள் எதுவாயினும், அப்பெயரோடு வாழ்ந்தவர்களின் நிலையை அது தீர்மானிக்கவில்லை. அதனை யார், எந்த ஆவணத்தில், எந்த நோக்கத்தோடு எழுதினர் என்பதே தீர்மானித்தது. எனவே குடும்பப்பெயர் பற்றிய ஆய்வு சொற்பிறப்பு அகராதியோடு நின்றுவிடாமல், பதிவேடு, கடிதம், தீர்ப்பு, கணக்கெடுப்பு ஆகிய ஆவணங்களையும் உள்ளடக்குதல் வேண்டும். 1898 ஜூலையில் கலிஸ்தோ கார்சியா இஞ்ஞிகெஸ் எழுதிய கடிதத்தை ஹப்பார்டின் கட்டுரையோடு ஒப்பவைத்துப் படிப்பது அவ்வாய்வுக்கு நல்ல தொடக்கமாகும்.